முட்டைத் தட்டு ஒட்டிய அறை: பினாங்கில் ஓர் உறுமிக் குழுவில் காசநோய் பரவிய விதம்

நான் ஓய்வுபெற்ற தாதி. அரசாங்க வேலையின் கடைசி எட்டு ஆண்டுகளை நெஞ்சு நோய்ப் பிரிவில் கழித்தேன். இங்கே எழுதுவது என் குடியிருப்பிலேயே நடந்தது. சம்பந்தப்பட்ட குடும்பமும் குழுவும் எழுதச் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். ஆட்களின் பெயர், குடியிருப்பின் பெயர், கிளினிக்கின் பெயர் எதுவும் இதில் இல்லை.

பின்னணி

ஜார்ஜ்டவுனிலிருந்து வண்டியில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய பழைய அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் ஒரு காலத்தில் சைக்கிள் வைத்திருந்த ஸ்டோர் அறை ஒன்று உண்டு. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஒரே கதவு, கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஒரே ஜன்னல். மூன்று ஆண்டுகளாக ஓர் உறுமி மேளக் குழு அதில்தான் பயிற்சி செய்துவந்தது. குழுவில் 17 பேர். 18 வயதிலிருந்து 29 வயது வரை, அதில் இரண்டு பெண்கள். அவர்களுக்கு வாசிப்பும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். 52 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். ஒன்பது ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவரே சொல்வார்.

தைப்பூசம் நெருங்க நெருங்க பயிற்சி கூடும். செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு நான்கு இரவு, எட்டு மணி முதல் பத்தரை வரை அடிப்பார்கள். சத்தம் எட்டாம் மாடிவரை போகும். ஆகஸ்டில் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் போனது: பிள்ளைகளுக்குப் பரீட்சை, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்கட்டும் என்று. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பையன்கள் எதிர்த்துப் பேசவில்லை. ஒட்டுக்கடைகளில் கேட்டு வாங்கிவந்த முட்டைத் தட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். ஜன்னலுக்குப் பழைய மெத்தையொன்றை வைத்து அடைத்தார்கள். கதவின் கீழ் இடுக்கில் துணி சுருட்டிச் செருகினார்கள். உள்ளே ஒரு சுவர் விசிறி. அது வெளிக்காற்றைக் கொண்டுவரவில்லை, இருக்கிற காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. சத்தம் உண்மையிலேயே குறைந்தது. கடிதம் போட்ட எங்களுக்கெல்லாம் திருப்தி.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை: இருமல்

மாஸ்டருக்கு இருமல் தொடங்கியது செப்டம்பர் நடுவில். முதலில் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் இருமல் மருந்தும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்து மறுபடி கிளம்பியது. அக்டோபரில் வேறொரு கிளினிக்கில், வேனில் ஏர்கோன் காற்று நேரே நெஞ்சில் அடிப்பதால் இருக்கலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் சிகரெட்டை நிறுத்தச் சொன்னார்கள். அவர் சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டாகிறது. வீட்டில் தூதுவளை ரசம் வைத்தார்கள், கற்பூரவல்லி இலையைப் பிழிந்து கொடுத்தார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் அவர் புதிய நோயாளிதான். "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டால் கடைசியாகக் கிளம்பிய நாளிலிருந்து எண்ணி, "ஒரு வாரம்" என்பார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மூன்று கிளினிக்கின் நாட்களையும் ஒரே வரிசையில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் நெடுநாளாகச் சொல்லப்படும் விதி. ஆனால் அந்த இரண்டு வாரம் யாருடைய கணக்கிலும் முழுதாக விழவில்லை.

இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கினார். "சுகர் ஆளு இளைக்கத்தானே செய்வாரு" என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்த்ததற்குப் புழுக்கத்தைக் காரணம் சொன்னார்கள். இளைப்பு, இரவு வியர்வை, நீண்ட இருமல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கைவசம் இருந்ததுதான் கேடாகப் போனது.

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு விடிகாலை, அவர் மகள் பால் காய்ச்ச எழுந்தபோது சமையலறைத் தொட்டியில் ஒரு சிவப்புக் கோடு கிடந்தது. குழாய் நீரில் பாதி கரைந்து, வடிகால் துளையைச் சுற்றி வளைந்து காய்ந்திருந்தது. மாஸ்டருக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. அன்றைக்கே மகள் அவரைக் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள்.

நோய் உறுதியானது

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் குழிவு தெரிந்தது. சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது காசநோய், அதாவது டிபி, கிருமி மூன்று பிளஸ். அளவுகோலில் அதற்கு மேல் கிடையாது. மூன்று மாத சர்க்கரைச் சராசரி 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. எச்ஐவி சோதனையில் தொற்று இல்லை. அந்தச் சோதனை டிபி வந்த எல்லாருக்கும் செய்வது; ஆள் மேல் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை.

இனிப்பு நீருக்கும் டிபிக்கும் உள்ள உறவை நம் மக்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு டிபி நோயாக மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மலேசியத் தமிழர் வீடுகளில் சுகர் மருந்து இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் டிபி கண்டுபிடிக்கப்படும் நாட்டில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வமாக நடக்கும் காரியமல்ல.

1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி டிபி கண்டால் ஏழு நாளுக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது நடந்தது. மருந்தும் அந்த வாரமே தொடங்கியது: முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைட், எத்தாம்புடோல் என்று நான்கு, பிறகு நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். மருந்தைக் கண்ணெதிரே விழுங்கவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். தினமும் காலை ஆறரைக்கு மாஸ்டர் என் வீட்டு வாசலுக்கு வருவார். நடைபாதையில் நின்று வெறும் வயிற்றில் விழுங்குவார். அட்டையில் நான் ஒரு கோடு போடுவேன்.

வீட்டில் நடந்தது

மாஸ்டரின் மாமியாருக்கு 74 வயது. கெடா தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் எலும்புருக்கி வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்தபோது பாய், தலையணை, சட்டை எல்லாவற்றையும் கொளுத்தியதைச் சின்ன வயதில் பார்த்தவர். மருமகனுக்கு அதே நோய் என்று கேட்டதும் அவருடைய கைகள் அந்தப் பழைய வேலையைத் தொடங்கிவிட்டன. பாயை எரிக்கச் சொன்னார். மாஸ்டரின் மனைவி தட்டைப் பிரித்தார். எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்தார், மற்றவர்கள் தெரியாமல் எடுத்துக் குடித்துவிடக் கூடாதென்று. முதல் நாள் அந்த டம்ளரில்தான் மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டம்ளரைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். டிபி தட்டிலும் டம்ளரிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வராது. நோயாளி இருமும்போது, பேசும்போது, பாடும்போது வெளியே வரும் துளிகளில் ஈரம் உலர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள தூசாகக் கிருமி மிஞ்சும். காற்றோட்டமில்லாத அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றை உள்ளிழுப்பவரின் நுரையீரலின் அடிவரை போகும். அது ஒன்றுதான் வழி. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் இதை நிரூபித்தார்கள். டிபி நோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்தளக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த கினிப்பன்றிகளுக்கு நோய் வந்தது. நோயாளிகளை அவை பார்த்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. மூச்சுவிட்டது மட்டும்தான்.

"அப்படின்னா இவரை எங்காச்சும் ஆஸ்பத்திரியிலேயே வச்சிக்கச் சொல்லுங்க மிசி, வீட்ல குழந்தை இருக்கு" என்றார் மனைவி. தாதியை இங்கே மிசி என்பார்கள். நியாயமான கேள்வி. நம் மக்களிடையே நடந்த ஆய்வே இதற்குப் பதில் சொல்கிறது. 1956இல் மெட்ராஸில் தொடங்கிய டிபி மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்தும் பாதிப் பேரை நெருக்கமான சொந்த வீடுகளில் விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தது. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் வைத்திருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. பரவவேண்டியது மருந்து தொடங்கும் முன்பே பரவி முடிந்திருந்தது. மருந்து சரியாக வேலைசெய்யத் தொடங்கினால் தொற்றும் வேகம் சில வாரங்களில் விழுந்துவிடும். அதுவரை அவர் தனி அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தால் போதும்.

பாய் பிழைத்தது. டம்ளரின் புள்ளியைச் சுரண்ட ஒரு மாதம் ஆனது.

முதல் தொடர்புப் பட்டியல்

கிளினிக்கில் தொடர்புப் பட்டியல் எடுத்த அன்று, மாஸ்டருக்கு மலாய் தடுமாறும் என்பதால் நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு கேள்விதான்: வீட்டில் யார் யார், வேலையில் யார் யார். வீட்டில் ஐந்து பேர். வேனில் வாடிக்கையாக வருபவர்கள் பதினொருவர். எல்லாருக்கும் சோதனை நடந்தது. வேனில் மூவருக்குக் கிருமி தொற்றியிருந்தது, ஆனால் அது நோயாக மாறியது யாருக்கும் இல்லை. வீட்டில் மூன்று வயதுப் பேத்தியின் கையில் மாண்டூ என்ற தோல் சோதனையில் 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. எக்ஸ்ரே சுத்தம். சின்னக் குழந்தைகளுக்குத் தொற்று வேகமாக நோயாகும், மூளையுறைவரை போகும் என்பதால் உடனே ஆறு மாத ஐசோனியாசிட் தொடங்கினார்கள்.

பட்டியல் முடிந்ததாக எல்லாரும் நினைத்தோம். நானும்தான். மாஸ்டர் உறுமி சொல்லிக்கொடுப்பவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் சத்தத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். என் மனதில் அந்த அறை 'சத்தம்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. 'காற்று' என்ற தலைப்பின் கீழ் அதை நான் வைத்துப் பார்க்கவேயில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். "வீட்ல யாரு, வேலையில யாருன்னுதானே கேட்டீங்க மிசி. நான் பொய் சொல்லலையே" என்றார். சற்றுக் கழித்து, "தைப்பூசத்துக்கு ரெண்டு மாசம் இருந்துச்சி. பேரு வெளிய வந்தா பசங்கள வீட்ல விடமாட்டாங்க. மூணு வருசமா சேத்த குழு" என்றார்.

ஜனவரி: கறுப்புச் சட்டை

ஜனவரி மூன்றாம் வாரம் மாஸ்டரின் இரண்டாம் மாதச் சளிச் சோதனைக்காகக் கிளினிக்குக்குக் கூடப் போனேன். டிபி அறைக்கு வெளியே 22 வயதுப் பையன் ஒருவன் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கறுப்புச் சட்டை, முதுகில் வேலும் உறுமியும். அதே சட்டை மாஸ்டர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பையன் எழுந்து, "மாஸ்டர், நீங்களுமா?" என்றான்.

அவனுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், மூச்சு இழுத்தால் ஒரு பக்கம் குத்தல். மேளம் தூக்கியதில் தசை பிடித்துக்கொண்டது என்று எண்ணி எண்ணெய் தேய்த்திருக்கிறான். நுரையீரல் உறைக்குள் நீர் கோத்திருந்தது. டிபியால் வந்த நீர். புதிதாகத் தொற்றிய இளைஞர்களுக்குச் சில மாதங்களுக்குள் இப்படி வருவது உண்டு. அவன் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். ஃபெர்ரியில் வந்து பயிற்சி எடுத்துப் போகிறவன். முகவரியை வைத்து இருவரையும் சேர்த்துப் பார்க்க யாராலும் முடிந்திருக்காது.

அன்று மாலை முதல் முறையாக அந்த ஸ்டோர் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் நின்றேன். வியர்வையும் சாம்பிராணியும் பழைய அட்டையும் கலந்த வாடை அசையாமல் நின்றது. மாஸ்டர் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு வரி பாடுவார், சுற்றி நிற்கிற பதினேழு பேரும் திருப்பிப் பாடுவார்கள். நாலடி தூரம்கூட இல்லை. இருமலைப் போலவே பாட்டும் நுண்துளிகளைக் காற்றில் சேர்க்கும். பாடுகிறவன் ஆழமாக மூச்சை இழுப்பான். மாஸ்டர் பயிற்சிக்கு வராமல் நின்றது நவம்பர் கடைசியில். அதுவரை பத்து வாரம், வாரம் நான்கு இரவு, இரவுக்கு இரண்டரை மணி நேரம்: நூறு மணி நேரம். பேத்திகூட அவரோடு அவ்வளவு நேரம் மூடிய அறையில் இருந்திருக்க மாட்டாள்.

எடுத்த முடிவுகள்

கிளினிக் டாக்டர், சுகாதார இன்ஸ்பெக்டர், நான் மூவரும் பேசினோம். முன்னால் இரண்டு வழி இருந்தது. அலுவலகக் கடிதம் அனுப்பிக் குழுவினரை வரவழைக்கலாம். அது வேகமானது, ஆனால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. வேலை போய்விடுமோ, பெண் கொடுக்க யோசிப்பார்களோ என்ற பயம் இளைஞர்களுக்குப் பெரிது. இன்னொன்று, மாஸ்டரே கூப்பிட்டுச் சொல்வது. நோயாளியின் பெயரை அவர் சம்மதமில்லாமல் வெளியிட முடியாது என்பதால் அந்த முடிவு அவர் கையில்தான் இருந்தது. ஓர் இரவு அவகாசம் கேட்டார். காலை ஆறரைக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, "நானே சொல்றேன்" என்றார்.

கூட்டத்தைக் கோயில் பந்தலில், திறந்தவெளியில் வைத்தோம். அப்போது அவர் எட்டு வாரம் மருந்து சாப்பிட்டிருந்தார், சளியில் கிருமி இல்லை. ஆனாலும் முகக்கவசம் போட்டுத் தள்ளியே நின்றார். "எனக்கு டிபி. தெரியாமத்தான் உங்களோட பாடிக்கிட்டிருந்தேன். தெரிஞ்ச பிறகு சொல்லாம இருந்தது என் தப்பு. நாளைக்கு எல்லாரும் போய் கையில ஊசி போட்டுக்கணும்" என்றார். யாரும் எழுந்து போகவில்லை. ஒரு பெண் மட்டும் அழுதாள். நான் என் பங்குக்கு அந்தப் புகார்க் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மறைத்துவைத்துக்கொண்டு அவர்களிடம் உண்மையை எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த கேள்வி தைப்பூசம். இரண்டு வாரம்கூட இல்லை. சோதனை முடிந்து, நோய் இல்லை என்று எக்ஸ்ரே சொன்னவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகலாம் என்றார் டாக்டர். தொற்று உறங்கிக்கிடக்கும் ஒருவரிடமிருந்து கிருமி வெளியே வராது. ஊர்வலமோ திறந்த சாலையில். இந்த முடிவை எதிர்த்தவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகவே பட்டது. போகக் கூடாது என்றிருந்தால், எக்ஸ்ரேக்கு வராமல் நழுவ அதுவே காரணமாகியிருக்கும்.

சோதனை முடிவுகள்

மாண்டூ சோதனையில் முன்கைத் தோலுக்குள் 0.1 மில்லி மருந்தைச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, சிவந்த இடத்தை விட்டுவிட்டு, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை மட்டும் அளப்பார்கள். விலா வலிப் பையன் போக மீதி 16 பேரில் ஒன்பது பேருக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டியது.

அந்த ஒன்பதில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் நிழல். 27 வயது, பிறை என்ற ஊரில் வேலை. டிசம்பர் கடைசியிலிருந்து லேசான இருமல் இருந்தும் யாரிடமும் சொல்லவில்லை. சளியில் கிருமி சொற்பம், ஆனால் இருந்தது. அவர் வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. நவம்பரிலேயே அந்த அறையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவருக்கு நோயாக மாறும் முன்பே தடுப்பு மருந்து போயிருக்கும். குழந்தை அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுத்திருக்காது. இதை எழுதும்போதும் கை நின்றுதான் போகிறது.

குழந்தைக்கு இடது தோளில் பிசிஜி தழும்பு இருந்தது. 1961 முதல் இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடும் ஊசி. குழந்தைகளுக்கு வரும் மூளையுறை டிபி போன்ற கடுமையான வகைகளை அது நன்றாகத் தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் டிபியை அவ்வளவாகத் தடுக்காது. குழுவில் எல்லாருக்கும் அந்தத் தழும்பு இருந்தது. குழந்தையின் எக்ஸ்ரே சுத்தம். எடைக்கேற்ற ஐசோனியாசிட்டைப் பொடித்துக் கொடுக்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தோம்.

மற்ற எட்டுப் பேருக்கும் கிருமி உள்ளே உறக்கத்தில். இப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் நோய் வெளிப்படும். அதில் பாதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை என 12 வாரத் தடுப்பு மருந்து. ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மறுத்தார். தடிப்பு வராத ஏழு பேருக்கும் மார்ச் கடைசியில் மறுசோதனை செய்தோம். தொற்றியதைத் தோல் காட்ட எட்டு வாரம்வரை ஆகலாம். அந்த 27 வயதுக்காரர் ஜனவரியிலும் அவர்களோடு இருமியிருக்கிறார். ஒருவருக்குப் புதிதாகத் தடித்தது. அவரும் மருந்தில் சேர்ந்தார்.

மருந்து மாதங்கள்

முதல் டோஸ் போட்ட இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு பையனிடமிருந்து வாட்ஸ்அப்: "மிசி, ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலரா போகுது, ரத்தமா?" மருந்தின் நிறம்தான் அது, கண்ணீரும்கூட அப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மறுவாரம் முதல் மாத்திரை அட்டையிலேயே ஆரஞ்சுப் பேனாவால் ஒரு துளி வரைந்து கொடுத்தேன். அதன்பின் யாரும் கேட்கவில்லை.

பெண்களில் ஒருவர் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மருந்துகள் அதன் பலனைக் குறைத்துவிடும். பையன்கள் நடுவில் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதால் தெரிந்து, வேறு முறைக்கு மாற்றினார்கள். மாஸ்டருக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். ரிஃபாம்பிசின் அவருடைய சுகர் மாத்திரைகளில் ஒன்றின் பலனையும் குறைத்தது. டிசம்பரில் காலைச் சர்க்கரை 16 மில்லிமோலுக்குப் போனதும் இரவு இன்சுலின் தொடங்கினார்கள். டிபி மருந்தை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தைப்பூசத்தன்று விலா வலிப் பையனும் 27 வயதுக்காரரும் வீட்டிலிருந்தார்கள். மாஸ்டர் குழுவோடு நடந்தார், பாடவில்லை.

மே கடைசியில் மாஸ்டர் ஆறு மாத மருந்தை முடித்தார். ஐந்தாம் மாதச் சளியும் சுத்தம், ஏழு கிலோவில் ஐந்து திரும்பியிருந்தது. மற்ற இரு நோயாளிகளும் ஜூலையில் முடித்தார்கள். தடுப்பு மருந்தில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர் ஐந்தாம் வாரம் வேலைக்காக ஜொகூர் பாருவுக்குப் போனார். அவருடைய கோப்பை அங்கேயுள்ள கிளினிக்குக்கு மாற்ற இரண்டு நாள் போனில் கிடந்தேன். எட்டுப் பேரும் 12 டோஸையும் முடித்தார்கள். பேத்தியும் கைக்குழந்தையும் நலம்.

இப்போது மாற்றியிருப்பவை

இப்போது தொடர்புப் பட்டியல் எடுக்க உதவும்போது நான் ஆட்களைப் பற்றிக் கேட்டுத் தொடங்குவதில்லை. ஒரு காகிதத்தில் திங்கள் முதல் ஞாயிறுவரை ஏழு கட்டம் போட்டு, "திங்கட்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து எங்கெங்கே உட்கார்ந்தீர்கள்? கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா?" என்று கேட்கிறேன். அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் தேவார வகுப்பும், சீட்டுக் கட்டு ஆடும் அறையும், மகளின் டியூஷன் வகுப்பும் தானாக வெளியே வருகின்றன. மறைக்க நினைப்பவர்கூட இடத்தைச் சொல்லிவிடுகிறார்; ஆளைக் காட்டிக்கொடுப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை.

இருமல் மருந்து வாங்க வரும் அண்டை வீட்டாரிடம், கிளினிக்கில் "எத்தனை நாள்" என்று கேட்டால் முதல் இருமலிலிருந்து எண்ணிச் சொல்லுங்கள் என்கிறேன். சுகர் உள்ளவர் இரண்டு வாரம் தாண்டி இருமினால், எந்த மருந்து கேட்டிருந்தாலும் சரி, சளி கொடுக்க அனுப்பிவிடுகிறேன்.

குடியிருப்பாளர் சங்கத்தில் புகார்க் கடிதத்தைத் திரும்பப் பெறக் கேட்டேன். சிலர் முறைத்தார்கள். கடைசியில் செப்பாக் தக்ராவ் என்ற காற்பந்து வகை விளையாட்டுக்கான திடலில் இரவு ஏழு முதல் ஒன்பதுவரை குழு பயிற்சி செய்யலாம், பரீட்சை மாதத்தில் மட்டும் இடைவெளி என்று முடிவானது. முட்டைத் தட்டுகளைப் பிய்க்கப் பையன்களோடு நானும் போனேன். பசை விட்ட இடமெல்லாம் சுண்ணாம்பும் சேர்ந்து உதிர்ந்தது. மெத்தையை எடுத்ததும் ஜன்னல் பட்டைகள் துருவேறித் திறக்க மறுத்தன. மாஸ்டர் தேங்காயெண்ணெய் விட்டு ஒவ்வொன்றாக அசைத்துத் திறந்தார். இப்போது அந்த அறையில் மேளங்களை மட்டும் அடுக்கிவைக்கிறார்கள்.

தடுப்பு மருந்தை மறுத்த இளைஞரை விட்டுவிடவில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு ஆண்டுக்கு அவருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதலாவது எடுத்தாயிற்று, சுத்தம். அடுத்தது அக்டோபரில். என் போனை அவர் எடுப்பதில்லை, மாஸ்டர் கூப்பிட்டால் எடுக்கிறார். அதனால் அந்தத் தேதியை மாஸ்டரின் காலண்டரில் எழுதிவைத்திருக்கிறோம்.